ஒரு படம் போதுமா? பறவைகளை அடையாளம் காணக் கற்றுத்தந்த ரோஜர் டோரி பீட்டர்சன்

நான் நான்காம் படிவம் படித்த ஆண்டில் எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தின் செயலாளராக இருந்தேன். பள்ளி வளாகத்துக்கு வரும் பறவைகளைப் பதிவு செய்வது அந்த ஆண்டின் திட்டம். உறுப்பினர்கள் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ள, இருபது பறவைகளின் படங்களைக் கொண்ட பெரிய சுவரொட்டி ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மன்றத்தின் கணினியில் நிறைய நிழற்படங்கள் இருந்தன. ஒவ்வொரு பறவைக்கும் கண்ணைக் கவரும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். குயிலுக்கு, காலை வெயிலில் கரிய இறகுகள் நீலமாய் மின்னும் படம். சுவரொட்டி அழகாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

சில வாரங்கள் கழித்து, முதலாம் படிவ மாணவி ஒருத்தி தன் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். பென்சிலில் ஒரு பறவையை வரைந்திருந்தாள். பழுப்பு உடல், முதுகில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் குறுக்குக் கோடுகள், நீண்ட வால். பக்கத்தில் கண் சிவப்பு என்று எழுதியிருந்தாள். நான் சுவரொட்டியைப் பார்த்தேன். அப்படி ஒரு பறவை அதில் இல்லை. ஏதாவது பருந்தைச் சரியாகப் பார்க்காமல் வரைந்திருப்பாய் என்று சொல்லிவிட்டு, அதைப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு மன்றக் கூட்டத்துக்கும் வரவில்லை.

இரண்டு மாதங்கள் சென்றபின், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருந்த அத்தி மரத்தில் கரிய குயில் ஒன்று பழம் தின்பதைக் கண்டேன். அதற்குப் பக்கத்துக் கிளையில் அவள் வரைந்த பறவை இருந்தது! அதே புள்ளிகள், அதே சிவந்த கண். அது பெண் குயில். குயிலினத்தில் ஆண்தான் கறுப்பு. விடியற்காலையில் நம் வீட்டருகே ஓயாமல் கூவுவதும் ஆண்தான். அந்த மாணவியின் கண் தவறவில்லை. என் சுவரொட்டிதான் தவறியது. அதற்குள் அவள் வேறு மன்றத்தில் சேர்ந்திருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிறகு, நூலகத்தில் பழைய பறவைக் கையேடு ஒன்று கையில் கிடைத்தது. அதை எழுதி வரைந்தவர் ரோஜர் டோரி பீட்டர்சன். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான், நான் செய்த பிழை எது என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

விழித்தெழுந்த மரங்கொத்தி

பீட்டர்சன் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சுவீடனிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். பத்து வயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர். ஜேம்ஸ்டவுனில் அறைகலன் தொழிற்சாலைகள் அதிகம். தந்தைக்கும் அங்கேதான் வேலை. வசதி குறைந்த குடும்பம்.

பதினொரு வயதில் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. பிளாஞ்ச் ஹார்ன்பெக் என்ற ஆசிரியை வகுப்பில் இளையோர் பறவைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். மாணவர்களுக்கு ஆளுக்கொரு பறவைப் படம் கொடுத்துப் பார்த்து வரையச் சொன்னார். பீட்டர்சனுக்குக் கிடைத்தது நீலநிறப் பறவை ஒன்றின் படம். அதுவே அவர் வரைந்த முதல் பறவை.

அந்த நாள்களில் ஒருமுறை, நண்பனோடு காட்டோரம் நடந்தபோது, மரத்தின் தாழ்ந்த பகுதியில் மரங்கொத்தி ஒன்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். இறந்துவிட்டது என்று எண்ணித் தொட்டார். அது உறங்கிக்கொண்டிருந்த பறவை. தொட்டவுடன் விழித்து, சிறகின் அடிப்பக்கத்துப் பொன்னிறம் பளிச்சிடப் பறந்து போனது. ஒரு கணத்துக்கு முன் வெறும் பழுப்பு இறகுக் குவியலாகத் தெரிந்தது, மறுகணம் வேறொன்றாகத் தெரிந்தது. முதுமை வரை அந்தக் காட்சியை அவர் மறக்கவில்லை.

சிறுவன் பீட்டர்சன் வீடு வீடாக நாளிதழ் போட்டுப் பணம் சேர்த்து, கண்ணாடித் தட்டில் படம் பதியும் கேமரா ஒன்றை வாங்கினான். இரவில் தெருவிளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்க, ஊரடங்கு நேரத்துக்குப் பின்னும் வெளியே இருக்கக் காவல்துறைத் தலைவரிடம் அனுமதி பெற்றான். மாதிரி மாணவன் என்று ஆசிரியர்கள் கருதும் வகையைச் சேர்ந்தவன் அல்லன். பாடத்தைவிடச் சன்னலுக்கு வெளியே இருந்தவற்றில்தான் அவனுக்கு நாட்டம். ஒரே ஓர் ஆசிரியை அந்த நாட்டத்தை மதித்தது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

பறவைக்கும் ஒரு சீருடை

அவரைப் பாதித்த நூல் ஒன்று உண்டு. எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் எழுதிய சிறுவர் கதை அது. அதில் வரும் சிறுவன் வாத்துகளைத் தொலைவிலிருந்தே இனம் பிரிக்க விரும்புகிறான். ஆனால் அவனிடமுள்ள நூல்கள் எல்லாம், பறவை கையில் இருந்தால்தான் பயன்படும். கண்ணாடிப் பெட்டியில் வைத்த பதப்படுத்திய வாத்துகளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்திருக்கும் வண்ணத் திட்டுகளை மட்டும் அவன் குறித்துக்கொள்கிறான். பள்ளிச் சீருடையைப் பார்த்தே மாணவர் எந்தப் பள்ளி என்று நாம் சொல்லிவிடுவது போன்றதுதான் இது. முகம் தெரிய வேண்டியதில்லை.

பீட்டர்சன் 1925ஆம் ஆண்டு உயர்நிலைப்பள்ளியை முடித்தார். அறைகலன் தொழிற்சாலையில் அலமாரிகளின் மீது சீனப் பாணிச் சித்திரங்கள் தீட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த பறவையியலாளர் மாநாட்டில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டன. அங்கே அக்காலத்தின் பெரும் பறவை ஓவியரான லூயி அகசி ஃபியூர்டசைச் சந்தித்தார். பின்னர் அதே நகருக்குக் குடிபெயர்ந்து, பகுதி நேரமாக அறைகலன்களுக்கு வண்ணம் தீட்டிக் கிடைத்த பணத்தில் ஓவியக் கல்வி பெற்றார்.

அக்காலத்தில் பறவையை ஐயமின்றி இனங்காண வேண்டுமென்றால் அதைச் சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்ப்பதே முறை என்று பல அறிஞர்கள் கருதினார்கள். சிறகின் நீளத்தையும் அலகின் வடிவையும் அளந்துதான் நூல்களும் எழுதப்பட்டிருந்தன. லட்லோ கிரிஸ்கம் என்னும் பறவையியலாளர் இந்த வழக்கத்துக்கு மாறானவர். தொலைநோக்கியில் ஒரு நொடி தெரியும் தோற்றத்தைக் கொண்டே பெயர் சொல்ல முடியும் என்பதை அவர் திரும்பத் திரும்ப நிரூபித்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி இளைஞர்கள் சிலர் அவரைப் பின்பற்றினார்கள். அந்தக் குழுவோடு பீட்டர்சனும் திரிந்தார். அங்கே பேச்சுவழக்கில் இருந்த அறிவு அது. யாருக்கும் கிடைக்கும்படி அது தாளில் இல்லை.

கையடக்க நூல்

பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் ஓவியமும் அறிவியலும் கற்பித்துக்கொண்டே, பீட்டர்சன் அந்த அறிவைப் படங்களாக மாற்றத் தொடங்கினார். நண்பர் வில்லியம் வோக்ட் அதை நூலாக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். நான்கு பதிப்பகங்கள் மறுத்தன. அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம். பறவைகளைப் பற்றி ஒரு நூலை யார் வாங்குவார்கள்? இறுதியில் பாஸ்டனைச் சேர்ந்த ஹாட்டன் மிஃப்ளின் பதிப்பகம் 2,000 படிகள் மட்டும் அச்சிட ஒப்புக்கொண்டது. 1934ஆம் ஆண்டு ஏப்ரலில் நூல் வெளிவந்தது. மிக விரைவில் எல்லாப் படிகளும் விற்றுத் தீர்ந்தன. அப்போது அவருக்கு 25 வயது.

அந்த நூலின் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். அழகுக்காக வாங்கியவர் ஏமாந்திருப்பார். ஆனால் அவற்றில் மூன்று விதிகள் இருந்தன.

முதலாவது, ஒன்றுபோல் தோன்றும் பறவைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தார். அறிவியல் வரிசைப்படி அவை தொலைவில் இருந்தாலும் கவலைப்படவில்லை. குழப்பம் வரும் இடத்திலேயே விடையும் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாவது, அவற்றையெல்லாம் ஒரே நிலையில், ஒரே பக்கம் பார்ப்பவையாக வரைந்தார். நிலை ஒன்றாக இருந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். பருந்துகளைக் கீழிருந்து பார்ப்பதுபோல் வரைந்தார்; ஏனென்றால் நாம் அவற்றை அப்படித்தான் பார்க்கிறோம்.

மூன்றாவது, எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கிச் சிறு கோடு ஒன்றைப் போட்டார். பறவையின் உடலில் நூறு விவரங்கள் இருக்கலாம். அதன் இரட்டையரிடமிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பீட்டர்சன் ராணுவப் பொறியியல் பிரிவில் பணியாற்றினார். வானத்தில் தெரியும் விமானங்களை இனங்காணவும் அவருடைய இந்த முறை பயன்படுத்தப்பட்டது. போருக்குப் பின், இரண்டு பிரிட்டிஷ் பறவையியலாளர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஐரோப்பியப் பறவைக் கையேடு 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள், சிப்பிகள் என்று அவர் பெயரால் ஒரு கையேட்டு வரிசையே வளர்ந்தது.

கேமரா பிடித்தவர் ஏன் வரைந்தார்?

என்னை வியக்க வைத்தது இதுதான். பீட்டர்சன் சிறு வயது முதல் முதுமை வரை விடாமல் நிழற்படம் எடுத்தவர். கேமராவின் மேல் அவருக்குத் தீராத ஆசை. இருந்தும் தம் கையேட்டில் நிழற்படங்களை வைக்கவில்லை.

அதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. நிழற்படம் ஒரு பறவையின் ஒரு கணத்தைப் பதிவு செய்கிறது. அந்தக் கணத்தின் வெளிச்சம், நிழல், பறவை திரும்பியிருந்த கோணம் எல்லாம் அதோடு சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன. அவை பறவைக்கு உரியவை அல்ல. அந்தக் கணத்துக்கு உரியவை. ஓவியரோ தாம் கண்ட பல பறவைகளைத் தொகுத்து, அந்த இனத்துக்குப் பொதுவானதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்க முடியும்.

இதைப் படித்தபோது என் சுவரொட்டிக் குயில் நினைவுக்கு வந்தது. நீலமாய் மின்னும் அந்த இறகு அன்றைய வெயில் தந்தது. நிழலில் இருக்கும் குயிலிடம் அதைத் தேடினால் கிடைக்காது. எல்லாக் குயில்களிடமும் உள்ள சிவந்த கண்ணும் நீண்ட வாலும் என் படத்தில் இலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. நான் தேர்ந்தெடுத்தது நல்ல நிழற்படம். மோசமான மாதிரிப் படம்.

அந்த மாணவியின் பென்சில் கோடுகள் பீட்டர்சன் செய்ததையே செய்திருந்தன. புள்ளி, கோடு, வால், கண் என்று தேவையான நான்கையும் அவள் யாரும் சொல்லித்தராமலே குறித்திருந்தாள்.

தம் படங்களைத் தாமே மாற்றியவர்

பீட்டர்சனும் ஒரே முயற்சியில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. 1939லும் 1947லும் தம் நூலைத் திருத்தினார். ஆண், பெண், குஞ்சுப் பருவம் கடந்த இளம் பறவை, கோடையின் இறகு, இலையுதிர் காலத்தின் இறகு எனப் படங்கள் பெருகின. வசந்தத்தில் பளிச்சென்று இருக்கும் சிறு பூச்சியுண்ணும் குருவிகள் பல, இலையுதிர் காலத்தில் ஒன்றுபோல் மங்கிய பச்சை மஞ்சளாகிவிடும். அந்தக் குழப்பமான குருவிகளுக்கென்றே தனிப் பக்கங்களை ஒதுக்கினார். இது எளிது என்று வாசகரை அவர் ஏமாற்றவில்லை. எங்கே குழம்புவீர்கள் என்பதைச் சொல்லி, அங்கே கூடுதல் படங்களை வைத்தார்.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, உலகப் புகழ் பெற்ற தம் படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் வண்ணத்தில் புதிதாக வரைய உட்கார்ந்தார். அந்த நான்காம் பதிப்பு 1980ஆம் ஆண்டு வந்தது. அதே ஆண்டு அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஒரு சுவரொட்டியைத் திருத்த மனமில்லாமல், சிறுமி ஒருத்தியின் குறிப்பைத் தள்ளிவிட்ட எனக்கு, இந்த இடம் கொஞ்சம் உறுத்தியது.

கூடுகள் குறைந்தபோது

பறவையின் பெயரைச் சரியாகச் சொல்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பீட்டர்சனின் வாழ்க்கையிலேயே அதற்கு விடை இருக்கிறது.

1954ஆம் ஆண்டு அவர் கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஓல்டு லைம் என்ற ஊரில் குடியேறினார். அந்தப் பகுதியில் விரால் அடிப்பான்கள் ஏராளமாகக் கூடு கட்டியிருந்தன. மீனை மட்டும் உண்ணும் இந்தப் பெரிய பறவை, வலசைக் காலத்தில் நம் நாட்டுக் கடலோரங்களுக்கும் வரும். சில ஆண்டுகளில் கூடுகள் வேகமாகக் குறைந்தன. கூடு இருந்தாலும் குஞ்சு பொரிக்கவில்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி நீரில் கலந்து, மீன்களில் சேர்ந்து, அவற்றைத் தின்ற பறவைகளின் உடலில் குவிந்திருந்தது. அதனால் முட்டை ஓடுகள் மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடை தாங்காமல் உடைந்தன.

1964ஆம் ஆண்டு பீட்டர்சன் அமெரிக்க மேலவையின் துணைக்குழுவின் முன் சென்று, தாம் கண்டதை எடுத்துச் சொன்னார். அவரைப் போன்ற பலரும் ஆண்டுக்கணக்கில் கூடுகளை எண்ணி வைத்திருந்தார்கள். 1972ஆம் ஆண்டு அமெரிக்கா டிடிடி பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. விரால் அடிப்பான்கள் மெல்லத் திரும்பி வந்தன.

எண்ணியவர்கள் ஒரு பறவையை இன்னொன்றாக எண்ணியிருந்தால் அந்தக் கணக்கை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஓர் இனம் குறைகிறது என்று சொல்ல, முதலில் அது இன்னது என்று ஐயமின்றிச் சொல்லத் தெரிய வேண்டும். அந்தத் திறனைச் சாதாரண மக்களின் சட்டைப் பைக்குள் வைத்தவர் பீட்டர்சன்.

1996ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், தம் 87ஆம் வயதில், ஓல்டு லைம் வீட்டில் அவர் காலமானார். அப்போதும் ஐந்தாம் பதிப்புக்கான படங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பதிப்பு அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது.

நம் கையில் இருக்கும் கேமரா

இன்று நம் எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. பள்ளித் திட்டப்பணிக்கோ மன்றத்துக்கோ மாதிரிப் படங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மாணவர்கள் நம்மில் பலர். நிழற்படம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பீட்டர்சனின் விதிகளை நிழற்படத்துக்கும் பொருத்தலாம். என் இரண்டாவது சுவரொட்டிக்கு நான் செய்தது இது.

ஒரு பறவைக்கு ஒரு படம் என்ற கணக்கை விட்டேன். ஆணும் பெண்ணும் வேறாக இருந்தால் இரண்டு படங்கள். இளம் பறவை வேறாக இருந்தால் மூன்று. வெண்தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட கருடனை நமக்குத் தெரியும். அதன் இளம் பறவை உடல் முழுதும் பழுப்பு. அதைக் காட்டாவிட்டால் பார்ப்பவர் வேறு பருந்து என்றே எழுதுவார்.

உடல் முழுதும் பக்கவாட்டில் தெரியும் படங்களை எடுத்துக்கொண்டேன். மாலை வெயிலின் பொன்னிறம் படிந்தவற்றையும், இறகு சிலிர்த்து உருவம் மாறியவற்றையும், எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கினேன்.

ஒன்றுபோல் தோன்றும் பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நம் குடியிருப்புகளில் இரண்டு வகை மைனாக்கள் நடமாடுகின்றன. ஒன்று பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். மற்றொன்று கருஞ்சாம்பல் நிற ஜாவா மைனா. அலகின் மேல் சிறு கொண்டை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் மைனாதான். ஒரே பக்கம் பார்க்கும் இரண்டு படங்களைச் சேர்த்து வைத்து, கண்ணுக்கும் கொண்டைக்கும் ஒரு கோடு போட்டதும் யாரும் குழம்பவில்லை.

கடைசியாக, படங்களைச் சுவரில் ஒட்டுவதற்கு முன், பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு தோழரிடம் கொடுத்து, வெளியே போய்ப் பெயர் சொல்லச் சொன்னேன். அவர் தவறிய இடங்களில் படங்களை மாற்றினேன்.

முதல் சுவரொட்டியைச் செய்த பள்ளியை விட்டு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்து விடைபெறும் முன் ஒன்றைச் செய்தேன். மன்றப் பதிவேட்டைத் திறந்து, அந்த மாணவி பார்த்த நாளில் பெண் குயில் என்று எழுதி, கண்டவர் என்ற கட்டத்தில் அவள் பெயரைச் சேர்த்தேன். பின் அவள் வகுப்புக்குச் சென்று அந்தப் பக்கத்தைக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னாள்.